மேப்பின் அண்ட் வெப் மூலைக் கட்டடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் மாநகரின் நடுவில், பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு எதிரே இருந்த ஒரு விக்டோரியா காலத்து வணிக அலுவலகக் கட்டடத்தைப் பற்றியது இது. 1870இல் கட்டினார்கள், 1994இல் இடித்தார்கள். இடிக்கும் திட்டமும் அதைச் சுற்றிய சண்டையுமாக முப்பது வருடத்துக்கு மேல் போனது. இரண்டு பொது விசாரணை, மூன்று படி நீதிமன்றம் எல்லாம் பார்த்த விவகாரம். பழைய கட்டடங்களுக்கு மரபு மதிப்பீடு, அதாவது ஒன்றை ஏன் காக்க வேண்டும் என்று விளக்கும் ஆவணம், எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டியது என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன். கட்டடக் கலைஞர்கள், சிற்பி ஆகியோரின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறேன். உரிமையாளர், அமைச்சர், விசாரணை அதிகாரி எல்லாரையும் அவரவர் பொறுப்பாலேயே குறிப்பிடுகிறேன். ஆளை எடை போடுவது இங்கே நோக்கமில்லை.

பின்னணி: தெரு வெட்டியதால் பிறந்த முக்கோணம்

போல்ட்ரி என்பது லண்டனின் பழைய தெருக்களில் ஒன்று. இடைக்காலத்தில் கோழி விற்ற இடம், பெயரும் அதனால் வந்ததுதான். 1860களில் தேம்ஸ் கரையிலிருந்து பேங்க் சந்திப்புக்கு நேராக ஒரு அகலப் பாதை வேண்டும் என்று முடிவெடுத்து, பழைய சந்து பொந்துகளுக்குக் குறுக்கே குவீன் விக்டோரியா தெருவை வெட்டினார்கள். 1871இல் அது திறந்தது. சாய்வாக வந்த புதுத் தெரு பழைய போல்ட்ரி தெருவைச் சந்தித்த இடத்தில், கத்தி முனை மாதிரி ஒரு முக்கோண மனை மிஞ்சியது.

அந்த முனையில்தான் ஜான் பெல்ச்சரின் நிறுவனம் வடிவமைத்த கட்டடம் எழுந்தது. கீழ்த்தளத்தில் வெள்ளி, நகை விற்கும் மேப்பின் அண்ட் வெப் கடை. மேலே அலுவலகங்கள். கோதிக் பாணி ஜன்னல்கள், கல் முகப்பு. முனையில் உருண்டையாக ஒரு கோபுரம், அதன் தலையில் கூம்புத் தொப்பி. சந்திப்பில் நின்று மேற்கே பார்த்தால் இரண்டு தெருவும் அந்தக் கூம்பிலிருந்து விரிந்து போவது போலத் தெரியும். கடையின் பெயரே கட்டடத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

சுற்றி இருந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த வாதம் பாதி அதைப் பற்றியதுதான். மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸ் 18ஆம் நூற்றாண்டு. ராயல் எக்ஸ்சேஞ்ச் 1844. ஓரடி தள்ளி ஹாக்ஸ்மோர் கட்டிய தேவாலயம், மேன்ஷன் ஹவுஸுக்குப் பின்னால் ரென் கட்டிய செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக், எதிரே லட்யன்ஸ் வடிவமைத்த வங்கி. இத்தனை பெரிய பெயர்களுக்கு நடுவே பெல்ச்சரின் முனையும், அதை ஒட்டி வரிசையாக நின்ற மற்ற விக்டோரியா காலத்து வணிகக் கட்டடங்களும் கூட்டத்தில் நிற்கும் சாதாரண ஆட்கள் மாதிரி. அறை அறையாக வாடகைக்கு விட்ட அலுவலகங்கள், குறுகலான மாடிப்படி, கீழே தெருவைப் பார்த்த கடைகள். அந்தக் கால லண்டனின் வியாபாரம் நடந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். ராயல் எக்ஸ்சேஞ்சில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குக் கணக்கு எழுதிய குமாஸ்தா உட்கார்ந்திருந்தது இந்த மாதிரி அறையில்.

1958 முதல் 1969 வரை: மனை சேர்த்த காலம்

ஒரு தகப்பனும் மகனுமாக நிலத் தொழில் செய்தவர்கள் 1958 வாக்கில் இந்த முக்கோணத்தைச் சுற்றி மனை மனையாக வாங்கத் தொடங்கினார்கள். அதே 1958இல்தான் விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்க விக்டோரியன் சொசைட்டி என்ற அமைப்பும் உருவானது. அன்றைக்கு அந்த அமைப்புக்குப் பலம் கிடையாது. 1961-62இல் யூஸ்டன் ரயில் நிலையத்தின் வளைவையும், லண்டன் மாநகரின் நிலக்கரிச் சந்தைக் கட்டடத்தையும் இடித்தபோது அவர்களால் தடுக்க முடியவில்லை. விக்டோரியா காலக் கட்டடம் என்றாலே கரிப்புகை படிந்த, அலங்காரம் அதிகமான, வெட்கப்பட வேண்டிய பழசு என்பதுதான் பொதுவான எண்ணம்.

அதே 1962இல் மகன் ஒரு பெரிய ஆளைப் பிடித்தார்: மீஸ் வான் டெர் ரோ. நவீனக் கட்டடக்கலையின் மூலவர்களில் ஒருவர். மனை முழுவதையும் காலி செய்துவிட்டு வெண்கலச் சட்டமும் கண்ணாடியுமாக 19 மாடிக் கோபுரம், அதன் முன்னால் திறந்த சதுக்கம், கீழே கடைகள் என்று திட்டம். 1969இல் மாநகர நிர்வாகம் கொள்கையளவில் சரி என்றது. ஆனால் மனை முழுவதும் கைக்கு வந்தால்தான் அனுமதி என்று ஒரு நிபந்தனை. மீஸ் அதே ஆண்டில் இறந்துபோனார்.

அந்த நிபந்தனைதான் இந்தக் கதையைத் திருப்பிவிட்டது என்பது என் எண்ணம். உரிமையாளர் பொறுமையாகக் குத்தகைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1980களின் தொடக்கத்தில் 13 முழு உரிமைகளில் 12, 348 குத்தகைகளில் 345 அவர் கையில் இருந்தன. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. 1967இல் பாதுகாப்புப் பகுதிகளை அறிவிக்கச் சட்டம் வந்தது. காக்க வேண்டியவை என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கத் தனி அனுமதி வேண்டும் என்று 1968இல் இன்னொரு சட்டம் வந்தது. 1970களில் இந்த இடம் பாதுகாப்புப் பகுதியானது, முக்கோணத்தில் இருந்த எட்டுக் கட்டடங்கள் இரண்டாம் நிலைப் பட்டியலில் ஏறின. மேப்பின் அண்ட் வெப் கட்டடமும் அதில் ஒன்று. மனை வாங்கத் தொடங்கியபோது யாரும் மதிக்காத பொருளாக இருந்தது, வாங்கி முடிக்கும்போது சட்டத்தின் காவலில் இருந்தது.

1982 முதல் 1985 வரை: முதல் விசாரணை

1982இல் முறையான விண்ணப்பம் போனது. அதே மாநகர நிர்வாகம் இப்போது முடியாது என்றது. அமைச்சரிடம் மேல்முறையீடு. 1984 கோடையில் பொது விசாரணை நடந்தது. கட்டடக்கலை உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மீஸின் கடைசிப் பெரிய வேலை லண்டனுக்குக் கிடைக்கட்டும் என்றது ஒரு பக்கம். 1960களில் வரைந்ததை 1980களில் கொண்டுவந்து நட வேண்டுமா என்றது இன்னொரு பக்கம். அன்றைய பட்டத்து இளவரசர் ஒரு விருந்துப் பேச்சில் இதைக் கண்ணாடிக் கட்டை என்று கேலி செய்ததும் விசாரணை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான்.

இந்த விசாரணையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய கட்டடங்களைக் காக்க வந்தவர்களில் பலர் அவற்றைத் தனித்தனியாக முதல் வரிசைப் படைப்பு என்று சொல்லவில்லை. கூட்டமாக நிற்பதும், முக்கோண மனையின் வடிவமும், மேன்ஷன் ஹவுஸுக்கு அவை தரும் அளவான பின்னணியும்தான் மதிப்பு என்றார்கள். நேர்மையான வாதம். ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது: இவர்களே சுமார் என்றுதானே சொல்கிறார்கள்?

1985இல் அமைச்சர் மீஸ் கோபுரத்தை நிராகரித்தார். அது அந்த இடத்துக்குப் பொருந்தாது, அதிகம் ஆக்கிரமிக்கிறது என்பது காரணம். கதவை மட்டும் அவர் முழுதாகச் சாத்தவில்லை. ஏற்கத்தக்க வேறு திட்டம் வந்தால் இந்த மனையில் மறுகட்டுமானம் கூடவே கூடாது என்று சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதினார். காத்தவர்கள் வெற்றி என்று கொண்டாடினார்கள். தோற்றது கோபுரம்தான். பழைய கட்டடங்களின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு அந்த முடிவில் பதில் இல்லை.

1986 முதல் 1989 வரை: இரண்டாம் திட்டம்

உரிமையாளர் ஓய்ந்துவிடவில்லை. இப்போது ஜேம்ஸ் ஸ்டர்லிங் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞரிடம் போனார். ஸ்டர்லிங் இரண்டு வரைவு கொடுத்தார். முதலாவதில் மேப்பின் அண்ட் வெப் முனை அப்படியே இருந்தது, பின்னால் புதுக் கட்டடம். இரண்டாவதில் எட்டும் போய்விடும், முழு மனையிலும் ஒரே கட்டடம். விண்ணப்பமாக முன்னால் போனது இரண்டாவது. முதல் வரைவு இருந்தது என்பதே ஒரு சாட்சி: அந்த முனை மற்ற ஏழிலிருந்து வேறு, தனியாகக் காக்கத் தக்கது என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

எதிர்த்தரப்பில் சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு நின்றது. 1975இல் தொடங்கிய இந்த அமைப்பிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல் மாற்றுத் திட்டமும் காட்டுவது. டெர்ரி ஃபாரெல் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, பழைய கட்டடங்களை வைத்துக்கொண்டே கீழே கடை, மேலே அலுவலகம் என்று எப்படி நடத்தலாம் என்று வரைந்து காட்டினார்கள். பொருளாதார ரீதியில் இந்தக் கட்டடங்கள் செத்துப்போகவில்லை, பழுது பார்த்தால் ஓடும் என்ற வாதத்துக்கு அது பலம் சேர்த்தது.

1988இல் இரண்டாவது பொது விசாரணை. அன்றைய அரசுக் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள கட்டடத்தைக் காப்பதே முதல் நிலைப்பாடு. பலமான காரணம் இருந்தால்தான் விலக்கு. விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஸ்டர்லிங்கின் வடிவம் ஒருவேளை தலைசிறந்த படைப்பாகவே அமையலாம் என்ற பொருளில் எழுதி, அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார். 1989 ஜூனில் அமைச்சர் ஒப்புக்கொண்டார். இருப்பதை வைத்துக்கொள்வதைவிடப் புதியது நாட்டின் கட்டட மரபுக்கு அதிகம் சேர்க்கும் என்பது அவர் தரப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கேள்வி எப்படி மாறிப்போனது பாருங்கள். தொடக்கத்தில் கேட்டது: இந்தக் கட்டடங்களுக்கு என்ன மதிப்பு, அதை இழக்கலாமா? முடிவில் கேட்டது: பழசு அழகா, புதுசு அழகா? இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டால் பெயர் தெரிந்த உலகக் கலைஞரின் வரைபடத்துக்கு முன்னால் 1870இன் வாடகை அலுவலகம் ஜெயிக்க வழியே இல்லை. ஒன்று காகிதத்தில் இருக்கிறது, மழையே பட்டதில்லை. மற்றது நூற்றுப் பதினெட்டு வருடம் புகையிலும் மழையிலும் நின்று, பராமரிப்பு பார்க்காமல் கிடக்கிறது.

1989 முதல் 1991 வரை: நீதிமன்றம்

சேவ் அமைப்பு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது. அமைச்சர் தன் முடிவுக்குப் போதிய காரணம் சொல்லவில்லை, தன் கொள்கையிலிருந்தே விலகுகிறாரா இல்லையா என்று தெரியவில்லை என்று முடிவை ரத்து செய்தார்கள். அப்புறம், அன்றைக்கு நாட்டின் கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை. 1991 பிப்ரவரி 28இல் அங்கே தீர்ப்பு திரும்பியது. சொன்ன காரணம் போதும், புரியும்படி இருக்கிறது, அதனால் யாருக்கும் பாதிப்பு வரவில்லை என்றார்கள்.

அரசு முடிவுக்குக் காரணம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வி வரும்போதெல்லாம் பிரிட்டிஷ் வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்து வைக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: நீதிபதிகள் கட்டடத்தின் மதிப்பை எடைபோடவே இல்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. அமைச்சர் முறைப்படி முடிவெடுத்தாரா என்று மட்டும் பார்த்தார்கள். வழக்கில் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி விசாரணைக் கட்டத்தில் மதிப்பீட்டை மெலிதாக விடுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒரு சின்ன விலகல். இந்த உரிமையாளரைப் பழமையின் எதிரி என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் மனைக்குப் பக்கத்திலேயே உள்ள ரென்னின் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தைச் செலவு செய்து சீர் செய்யவும், அங்கே ஹென்றி மூர் செதுக்கிய வட்டக் கல் பலிபீடத்தை வைக்கவும் முன்னின்றவர் அவரேதான். அந்தக் கல் வைத்ததற்கும் ஒரு வழக்கு நடந்தது! ரென் என்றால் மரபு, பெல்ச்சர் என்றால் இடைஞ்சல். அன்றைக்குப் படித்தவர்களில் பலருக்கு இருந்த ரசனைதான் அது.

1994: இடிப்பும் கீழே கிடைத்ததும்

ஸ்டர்லிங் 1992இல் இறந்தார். அவருடைய கூட்டாளி மைக்கேல் வில்ஃபோர்ட் வேலையை முடித்துக் கொடுத்தார். 1994இல் எட்டுக் கட்டடங்களும் இடிபட்டன.

தோண்டியபோது கீழே ரோமானிய லண்டன் இருந்தது. லண்டன் அருங்காட்சியகத்தின் தொல்லியல் குழு 1996 வரை அங்கே வேலை செய்தது. ரோமானிய நகரின் முக்கியச் சாலை அந்த மனையின் குறுக்காகத்தான் போனது. அதன் அடியில் கிடைத்த ஓக் மர வடிகாலின் பலகைகளின் வயதை மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துக் கணித்தபோது கி.பி. 47 என்று வந்தது. லண்டன் எப்போது தொடங்கியது என்பதற்கு நமக்குக் கிடைத்த மிக உறுதியான தேதிகளில் ஒன்று அது. ரோமானியரை எதிர்த்து பூடிக்கா என்ற அரசி நடத்திய கலகத்தில் கி.பி. 60-61இல் நகரம் எரிந்த சாம்பல் அடுக்கும் அங்கே இருந்தது. இடித்ததால்தானே இதெல்லாம் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் 1989இல் முடிவெடுத்தவர்கள் இதை எடைபோட்டுத்தான் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. கணக்கில் பின்னால் வந்து சேர்ந்த வரவு.

புதுக் கட்டடத்தில் பழையதிலிருந்து ஒன்று மட்டும் மிஞ்சியது. 12-13, போல்ட்ரி என்ற முகவரியில் இருந்த 1875இன் கட்டடத்தில் ஜோசப் க்ரெமர் என்ற சிற்பி செய்த சுடுமண் சிற்ப வரிசை. ஆறாம் எட்வர்ட், முதலாம் எலிசபெத், இரண்டாம் சார்ல்ஸ், விக்டோரியா என்று நான்கு பேர் இந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகும் காட்சிகள். அதைக் கழற்றி எடுத்துப் புதுக் கட்டடத்தின் வழிநடைக்கு மேல் பதித்தார்கள். இன்றும் இருக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் குதிரைகளும் கூட்டமுமாகப் பழுப்புச் சிவப்பில் நெருக்கிப் பிடித்த உருவங்கள், அதைச் சுற்றி இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புதுக் கல். பொருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்த முக்கோணத்தில் விக்டோரியா காலத்துக் கைவேலையை விரல் தொடும் தூரத்துக்குக் கொஞ்சம் மேலே பார்க்க இப்போது இது ஒன்றுதான் வழி.

பிறகு நடந்தது

நம்பர் ஒன் போல்ட்ரி என்ற புதுக் கட்டடம் 1997இல் முடிந்தது. முனையில் கூம்புத் தொப்பி இருந்த இடத்தில் கடிகாரம் வைத்த ஒரு கோபுரம், கப்பல் முனை போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் திறந்த வட்ட முற்றம், உச்சியில் தோட்டமும் உணவகமும். கட்டும் முன்பே இளவரசர் அதைப் பழைய வானொலிப் பெட்டியோடு ஒப்பிட்டுவிட்டார். லண்டனின் மோசமான கட்டடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஒரு வார இதழின் வாசகர்கள் அதற்கும் ஓட்டுப் போட்டார்கள்.

கொள்கையில் ஒரு மாற்றம் வந்தது. 1994 செப்டம்பரில் அரசு புது வழிகாட்டுதல் வெளியிட்டது. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிப்பதற்கு, அதற்குப் பதில் வரப்போகும் கட்டடம் அழகாக இருக்கும் என்ற சொந்த ரசனை மட்டுமே காரணமாக முடியாது என்று அதில் தெளிவாக எழுதினார்கள். போல்ட்ரியில் இடிப்பு நடந்த அதே ஆண்டு! இந்த வரி ஆறு வருடம் முன்னால் இருந்திருந்தால் 1988 விசாரணையின் பேச்சே வேறு மாதிரிப் போயிருக்கும்.

அப்புறம் 2015இல் நம்பர் ஒன் போல்ட்ரியின் புதிய உரிமையாளர்கள் முகப்பையும் கீழ்த்தளத்தையும் மாற்றத் திட்டமிட்டார்கள். அதைத் தடுக்கப் பட்டியலில் சேர்க்கக் கோரி விண்ணப்பம் போனது. முதலில் நிராகரிப்பு, பிறகு மறுபரிசீலனை. 2016இல் பட்டியலில் ஏறியது, அதுவும் நட்சத்திரம் சேர்த்த இரண்டாம் நிலையில். பொதுவாக முப்பது வயது ஆகாத கட்டடத்தைச் சேர்க்க மாட்டார்கள். இதற்கு இருபதுகூட ஆகவில்லை. இங்கிலாந்தின் பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சாதாரண இரண்டாம் நிலைதான், இடிபட்ட எட்டும் அந்த நிலையில்தான் இருந்தன. அவற்றின் மேல் நின்றதற்கு அவற்றைவிட ஒரு படி மேல் மதிப்பு. விசாரணை அதிகாரி சொன்னது பலித்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு: 2016இல் நம்பர் ஒன் போல்ட்ரிக்காக எழுதிய மதிப்பீடு போல ஒன்று 1982இல் பெல்ச்சர் கட்டடத்துக்கு இருந்திருந்தால்?

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலில், மதிப்பீடு எழுதிய நேரம். திட்டம் வந்த பிறகு எழுதும் மதிப்பீடு திட்டத்துக்குப் பதிலாகத்தான் அமையும். கோபுரம் உயரம் என்றால் பழசு அடக்கம் என்று எழுதுவோம். ஸ்டர்லிங் வடிவம் சத்தமாக இருக்கிறது என்றால் பழசு அமைதி என்று எழுதுவோம். கட்டடத்துக்குச் சொந்தமான குரல் அதில் வராது. 1970களில் பட்டியலில் சேர்த்தபோதே முழு மதிப்பீடு எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலப் பட்டியல் பதிவுகள் இன்ன ஆண்டு, இன்ன பாணி, இத்தனை மாடி என்று அடையாளம் சொல்வதற்காக எழுதியவை. இரண்டு மூன்று வரியில் ஒரு கட்டடம் முடிந்துபோகும்.

என்ன எழுதியிருக்கலாம்? 2008இல் அரசின் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இங்கிலிஷ் ஹெரிடேஜ் மரபு மதிப்பை நான்காகப் பிரித்தது: சான்று, வரலாறு, அழகியல், சமூகம். அந்தக் கண்ணோடு பார்த்தால் பெல்ச்சர் கட்டடத்துக்கு அழகியலில்தான் குறைந்த பலம். இரண்டு விசாரணையிலும் சண்டை நடந்ததோ பெரும்பாலும் அந்த ஒரே களத்தில்! மற்ற மூன்றையும் பாருங்கள். குவீன் விக்டோரியா தெரு வெட்டிய கத்தி முனை மனைக்கு, அந்தத் தெரு திறப்பதற்கு முன்பே எழுந்த பதில் அந்தக் கட்டடம். தெருவும் கட்டடமும் ஒரே நிகழ்வின் இரண்டு பாதி. தெரு இன்னும் இருக்கிறது, அதை விளக்கும் கட்டடம் இல்லை. கீழே கடை, மேலே அறை வாடகை என்ற வணிக அலுவலகத்தின் அமைப்பு, அந்த நகரம் உலக வியாபாரத்தை நடத்திய விதத்துக்கு நேரடிச் சான்று. எத்தனை தளம் எத்தனை பேருக்கு வாடகைக்குப் போனது, எந்தத் தொழில் எந்த மாடியில் இருந்தது, வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள் என்று தளவாரியாக ஓர் ஆவணம் விசாரணை மேசையில் இருந்திருந்தால், பதிலுக்கு எந்த மேதையின் வரைபடமும் ஈடு சொல்ல முடியாது. அழகுக்குப் பதில் அழகு கொடுக்கலாம், சான்றுக்குப் பதில் எதைக் கொடுப்பது?

இரண்டாவது, எட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. கூட்டு மதிப்பு என்ற வாதம் சரியானது, ஆனால் அதில் ஆபத்தும் இருக்கிறது. காத்தால் எட்டும், போனால் எட்டும் என்றாகிவிட்டது. ஸ்டர்லிங்கின் முதல் வரைவு மேசைக்கு வந்தபோது, முனைக் கட்டடத்துக்கென்று தனி மதிப்பீடு கையில் இருந்திருந்தால் அந்த வரைவை வைத்துப் பேரம் பேசியிருக்கலாம். சேவ் அமைப்பு அப்படிப் பேரம் பேச விரும்பியிருக்காது என்பது தெரியும். அவர்கள் கொள்கை வேறு. ஆனால் மாநகர நிர்வாகம் பேசியிருக்கலாம்.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. முப்பது வருடம் மனை சேர்க்கும் ஒருவர் கையில் இருக்கும் கட்டடத்துக்கு என்ன பராமரிப்பு நடக்கும்? எப்படியும் போகப் போகிறது என்று எல்லாரும் நினைக்கும் கட்டடத்தில் யாரும் புதுக் குழாய்கூடப் போட மாட்டார்கள். இந்தக் கட்டடத்தில் குறிப்பாக என்ன நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படிக் காத்திருக்கும் கட்டடங்களுக்கு மதிப்பீடு எழுதும்போது, இன்றைய பழுதை மதிப்புக் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. பழுது வேறு பத்தி, மதிப்பு வேறு பத்தி.

கடைசியாக அந்தச் சுடுமண் சிற்ப வரிசை. அது ஏன் பிழைத்தது? சிற்பி பெயர் தெரியும், காட்சி என்னவென்று தெரியும், கழற்றி எடுக்க முடியும். அதை விளக்க ஒரு பத்தி போதும், அந்தப் பத்தியும் இருந்தது. மூலைக் கோபுரத்தையும், அதன் கீழே இருந்த மாடிப்படியையும், அறைகளையும் யாரும் அப்படி ஒரு பத்தியில் எழுதி வைக்கவில்லை. இப்போது இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு முதல் பயிற்சியாக நான் கொடுப்பது இதைத்தான்: பெயர் தெரியாதவர் கட்டிய ஒரு பழைய வாடகை அலுவலகத்துக்குப் போய், அலங்காரம் எதையும் குறிப்பிடாமல் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். முதல் தடவை பெரும்பாலும் அரைப் பக்கத்தில் நின்றுவிடும். மறுபடி அனுப்புவேன், இந்த முறை அளவு நாடாவோடு.